‘விளங்கிற்றா?’ என்ற கேள்வி போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறு வெளிவரும்போதெல்லாம், ஒன்பது மாகாணங்களில் வடக்கு எத்தனையாவது இடம் என்ற பேச்சு பத்திரிகைகளில் எழுகிறது. ஆசிரியர் பற்றாக்குறை, கைத்தொலைபேசி, ரியூசன், பெற்றோரின் அக்கறையின்மை என்று காரணங்கள் அடுக்கப்படுகின்றன. அவற்றில் உண்மை இருக்கலாம். ஆனால் 40 நிமிடப் பாடவேளைக்குள் என்ன நடக்கிறது, பிள்ளைக்கு விளங்கியதா இல்லையா என்பதை ஆசிரியர் எப்போது, எதைக்கொண்டு அறிகிறார் என்பதை யாரும் எழுதக் காணோம். பெரும்பாலான வகுப்புகளில் தவணைப் பரீட்சை விடைத்தாளைத் திருத்தும்போதுதான் அது தெரியவருகிறது. அதற்குள் அந்த அலகு முடிந்து வாரங்கள் பல ஓடியிருக்கும். அடுத்த அலகு அதன்மேல் கட்டப்பட்டிருக்கும். கற்பிக்கும் நேரத்திலேயே கணிப்பீடு நடக்கவேண்டும், அதை நம் பாடசாலைகளில் இன்றிருக்கும் வசதிகளோடு செய்யலாம் என்பதைச் சொல்லவே இக்கடிதம். உதாரணங்களைக் கணிதத்திலிருந்தும் விஞ்ஞானத்திலிருந்தும் எடுத்திருக்கிறேன்.

முதலில் ‘விளங்கிற்றா பிள்ளையள்?’ என்ற கேள்வி. ‘ஓம் சேர்’ என்று வகுப்பே சேர்ந்து சொல்லும். முன்வரிசைப் பிள்ளைகள் நால்வர் சொன்னால் மற்றவர்களும் சொல்வார்கள். விளங்காத பிள்ளை எழுந்து ‘இல்லை’ என்று சொல்லாது; தனக்கு விளங்கவில்லை என்பதே அதற்குத் தெரியாமலும் இருக்கலாம். கேள்விக்குக் கையுயர்த்தும் ஐந்தாறு பிள்ளைகளிடமே எப்போதும் விடை கேட்பதும் இதே வகைதான். நல்ல விடை வருகிறது, பாடம் நகர்கிறது, மிச்சம் முப்பது பேருடைய தலைக்குள் என்ன இருக்கிறது என்பது மூடியே கிடக்கிறது.

கேள்வி கேட்கும் முறையைச் சிறிது மாற்றினாலே வகுப்பு மாறும். கேள்வியை முதலில் கேளுங்கள், பொறுங்கள், பிறகு பெயரைச் சொல்லுங்கள். பெயரை முதலில் சொன்னால் மற்றவர்கள் யோசிப்பதை விட்டுவிடுவார்கள். பொறுக்கும் நேரமும் முக்கியம். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளை அளந்து பார்த்தபோது, கேள்வி கேட்ட ஆசிரியர்கள் விடைக்காகக் காத்திருந்தது ஏறத்தாழ ஒரு செக்கன் மட்டுமே. அதை மூன்று செக்கனுக்கு மேல் நீட்டியபோது விடைகள் நீளமாயின. வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். மூன்று செக்கன் மௌனம் கரும்பலகைக்கு முன் நிற்பவருக்கு மிக நீளமாகத் தெரியும். மனதுக்குள் எண்ணிப் பழகவேண்டும்.

பெயர்களை ஐஸ்கிறீம் தடிகளில் எழுதி ஒரு ரின்னில் போட்டு எடுக்கலாம். எடுத்த தடியைத் திரும்ப ரின்னுக்குள் போடவேண்டும். வெளியே வைத்தால், ‘எனக்கு முடிந்தது’ என்று அந்தப் பிள்ளை அன்றைக்கு ஓய்ந்துவிடும். ‘தெரியாது’ என்று ஒரு பிள்ளை சொன்னால் ஏசாமல் வேறு இருவரிடம் கேட்டுவிட்டு அதே பிள்ளையிடம் திரும்பி வந்து, ‘இவர்கள் இருவரும் சொன்னதில் எது சரி, ஏன்?’ என்று கேட்கவேண்டும். ‘தெரியாது’ என்று சொன்னால் தப்பிவிடலாம் என்ற வழி வகுப்பில் இருக்கக்கூடாது. அடி, ஏச்சு, கேலி என்ற பயமும் இருக்கக்கூடாது. பயம் இருக்கும் வகுப்பில் பிழையான விடை வெளியே வராது. பிழையான விடை வராவிட்டால் கணிப்பீடே இல்லை.

இரண்டாவது, பாடவேளையின் கடைசி ஐந்து நிமிடம். இதைத்தான் நான் எல்லாவற்றிலும் மேலாக மதிக்கிறேன். ஓர் ஏ4 தாளை நான்காகக் கிழித்தால் நான்கு துண்டு. 36 பிள்ளைகளுக்கு ஒன்பது தாள் போதும். ஒரு பக்கம் அச்சான பழைய தாள்களின் மறுபக்கமும் உதவும். 35ஆவது நிமிடத்தில் துண்டைக் கொடுத்து, அன்றைய பாடத்தின் முக்கியமான ஒரு கேள்வியைப் பலகையில் எழுதவேண்டும். பெயரும் செய்கை வழியும் விடையும் எழுத மூன்று நிமிடம். வாசலில் நின்று வாங்கிக்கொள்ளலாம். ஓய்வுப் பாடவேளையில் அதைப் புரட்டிப் பார்க்கப் பத்து நிமிடம் ஆகும். புள்ளி போடத் தேவையில்லை, சிவப்புப் பேனையும் தேவையில்லை. துண்டுகளைக் குவியல்களாகப் பிரித்தால் போதும்.

பின்னங்களைக் கூட்டுதல் பாடம் முடிந்து 2/3 + 1/4 என்று கேட்டதாக வைத்துக்கொள்வோம். சரியான விடை 11/12. பிழையான விடைகள் பெரும்பாலும் மூன்று வகையாக வரும்.

ஒரு வகை 3/7. மேலேயிருப்பதை மேலேயிருப்பதோடும் கீழேயிருப்பதைக் கீழேயிருப்பதோடும் கூட்டியிருக்கிறது பிள்ளை. பின்னம் என்பது ஓர் அளவு என்ற எண்ணமே இதற்கு இன்னும் வரவில்லை. இரண்டு தனி எண்கள், நடுவில் ஒரு கோடு என்றே அது பார்க்கிறது. இந்தப் பிள்ளைக்குப் பொது மடங்குகளுட் சிறியதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பயனில்லை. 2/3 பாதியிலும் பெரியது, 3/7 பாதியிலும் சிறியது. ஒன்றோடு இன்னொன்றைக் கூட்டியபின் அது எப்படிச் சிறியதாகும் என்று கேட்கவேண்டும். ஒரே நீளமான கடதாசிக் கீலங்களை மூன்றாகவும் நான்காகவும் மடித்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் செய்யவேண்டும்.

இன்னொரு வகை 3/12. இந்தப் பிள்ளை பொதுப் பகுதியெண் 12 என்பதைச் சரியாகக் கண்டிருக்கிறது. தொகுதியெண்களை மாற்றாமல் 2ஐயும் 1ஐயும் கூட்டிவிட்டது. இதற்குக் குறைவது சமவலுப் பின்னம். 2/3 = ?/12, 1/4 = ?/12 என்ற வகையில் பத்துக் கணக்குச் செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

மூன்றாவது வகை 11/24. 8/12 + 3/12 வரை எல்லாம் சரி, கடைசி வரியில் பகுதியெண்களையும் கூட்டிவிட்டது. பன்னிரண்டில் எட்டுப் பங்கும் பன்னிரண்டில் மூன்று பங்கும் சேர்ந்தால் பன்னிரண்டில் எத்தனை பங்கு என்று வாயால் சொல்லச் செய்தாலே பலர் தாங்களாகவே திருத்திக்கொள்வார்கள்.

தவணைப் பரீட்சையில் இறுதி விடைக்கு மட்டும் புள்ளி என்றால் இந்த மூன்று பிள்ளைகளும் பூச்சியம். மூவருக்கும் ‘பின்னம் பலவீனம்’ என்று எழுதி, மூவருக்கும் ஒரே பயிற்சித்தாளைக் கொடுத்து அனுப்புகிறோம். ஒருவருக்கு அது போதாது, ஒருவருக்குப் பொருந்தாது, மற்றவருக்குத் தேவையே இல்லை. துண்டைப் பிரித்துப் பார்த்த ஆசிரியர் மறுநாள் பாடத்தை இந்த மூன்று குவியல்களிலிருந்து தொடங்குவார்.

துண்டு முறை பிழைக்கும் இடங்களையும் சொல்லவேண்டும். ‘இன்று என்ன கற்றாய்?’ என்று கேட்டால் பலகையில் இருந்த தலைப்பைப் பார்த்து எழுதித் தருவார்கள். அதில் ஒன்றும் தெரியாது. 1/2 + 1/2 போன்ற கேள்வியை எல்லோரும் சரியாகச் செய்வார்கள்; அதிலும் ஒன்றும் தெரியாது. இரண்டு பாடங்களை ஒரே கேள்விக்குள் போட்டால் எதில் பிழைத்தது என்று பிரிக்கமுடியாது. பக்கத்தில் பார்த்து எழுதும் பழக்கம் இருந்தால் பலகையின் இடப்பக்கம் ஒரு கேள்வியும் வலப்பக்கம் எண்களை மாற்றிய இன்னொரு கேள்வியும் எழுதி, வாங்கு மாறி வாங்கு கொடுக்கலாம். எல்லாவற்றிலும் மோசமானது, துண்டுகளை வாங்கி அலுமாரியில் வைத்துவிட்டு மறுநாள் அடுத்த பாடத்துக்குப் போவது. இரண்டு தடவை அப்படி நடந்தால் பிள்ளைகளும் ஏனோதானோ என்று எழுதத் தொடங்கிவிடுவார்கள். ஆகவே எல்லா வகுப்புக்கும் தினமும் வேண்டாம். ஒரு வகுப்புக்குக் கிழமைக்கு இரண்டு துண்டு போதும். 36 பிள்ளைகளுக்கு ஒரு கிழமைக்கு 18 தாள். 13 கிழமைத் தவணையொன்றுக்கு 234 தாள், 500 தாள் கட்டொன்றில் பாதியும் இல்லை.

இந்தத் துண்டுகளால் இன்னொரு பயனும் உண்டு. பல்தேர்வு வினாவுக்குப் பிழையான விடைகளை ஆசிரியர் கற்பனையில் உருவாக்கத் தேவையில்லை, பிள்ளைகளே தந்திருக்கிறார்கள். நம் வினாத்தாள்களில் பல்தேர்வு வினாக்கள் பெரும்பாலும் நினைவை மட்டும் சோதிப்பதற்குக் காரணம், பிழை விடைகள் ஏனோ தானோவென்று போடப்படுவதுதான்.

தசமத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ‘0.7, 0.65, 0.125 ஆகியவற்றுள் பெரியது எது?’ என்ற கேள்வி பார்க்க நல்லதாகத் தெரியும். ஆனால் தசமப் புள்ளிக்குப் பிறகு இலக்கம் குறைந்தால் எண் பெரியது என்று பிழையாக நம்பும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பத்திலொன்றைவிட ஆயிரத்திலொன்று சிறியது என்று படித்ததை அவர்கள் அப்படி நீட்டிக்கொள்கிறார்கள். அந்தப் பிள்ளையும் 0.7 என்றே எழுதும். பிழையான காரணத்துக்கு முழுப்புள்ளி கிடைத்துவிடும். அதே கேள்வியை 0.4, 0.45, 0.375 என்று மாற்றிப் பாருங்கள். நீளமானது பெரியது என்று நம்பும் பிள்ளை 0.375 என்று சொல்லும். குட்டையானது பெரியது என்று நம்பும் பிள்ளை 0.4 என்று சொல்லும். இடப்பெறுமானம் விளங்கிய பிள்ளை மட்டும் 0.45 என்று சொல்லும். எண்களை மாற்றியதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. மூன்று விடையும் மூன்று பிள்ளைகளைக் காட்டுகின்றன. சாதாரண தர விஞ்ஞான வினாத்தாளில் நான்கு விடை இருக்கிறது என்பதற்காக வகுப்பறைக் கேள்விக்கும் நான்காவது ஒன்றை ஒட்டவேண்டியதில்லை. யாரும் தெரிவுசெய்யாத விடை இடத்தைத்தான் பிடிக்கும்.

இப்படிப்பட்ட கேள்வியைப் பாடத்தின் நடுவிலும் கேட்கலாம். ஒன்று, இரண்டு, மூன்று என்று விரல்களை நெஞ்சுக்கு முன்னால் பிடித்து எல்லோரும் ஒரே நேரத்தில் காட்டவேண்டும். தலைக்கு மேல் உயர்த்தினால் பின்வரிசை முன்வரிசையைப் பார்த்து மாற்றிவிடும். ஹார்வர்டில் பௌதிகம் கற்பித்த எரிக் மசூர் 1990களில் வளர்த்த முறை இந்த இடத்தில் கைகொடுக்கும். சரியான விடை சொன்னவர்கள் 30 வீதத்துக்கும் 70 வீதத்துக்கும் இடையில் என்றால் ஆசிரியர் விடையைச் சொல்லக்கூடாது. வேறு விடை காட்டிய ஒருவரோடு இரண்டு நிமிடம் வாதிடச் சொல்லி, மறுபடி விரல் காட்டச் சொல்லவேண்டும். 30 வீதத்துக்குக் குறைந்தால் வாதிட ஆளில்லை. பாடத்தை வேறு வழியில் திரும்பச் சொல்லவேண்டும். 70 வீதத்தைத் தாண்டினால் சுருக்கமாக விளக்கி மேலே போகலாம். மிஞ்சியவர்களைப் பயிற்சி நேரத்தில் தனியே பார்க்கலாம்.

விஞ்ஞானத்தில் செய்கைக்கு முன் எதிர்வுகூறலை எழுதுவிப்பது இதைப் போன்றதே. ஒரே வகையான இரண்டு ரோச் பல்புகளைத் தொடராக இணைத்து மூன்று உலர்கலங்களோடு தொடுக்கும் சுற்றைப் பலகையில் வரைந்து, ‘எந்தப் பல்ப் கூடுதலாக ஒளிரும், ஏன்?’ என்று கேட்டு ஒவ்வொருவரும் கொப்பியில் எழுதவேண்டும். ‘முதலாவது; மின்னோட்டம் அதில் செலவாகிவிடும்’ என்று பலர் எழுதுவார்கள். அதன்பிறகுதான் ஆளியை மூடவேண்டும். எழுதாமல் நேரே செய்து காட்டினால், ‘நானும் அப்படித்தான் நினைத்தேன்’ என்று எல்லோரும் சொல்லிவிடுவார்கள். ஓர் எச்சரிக்கை: இரண்டு பல்புகளும் ஒரே வோல்ற்றளவு, ஒரே தயாரிப்பு என்பதை முதல் நாளே எரித்துப் பார்த்து உறுதிசெய்யவேண்டும். வேறுவேறு பல்புகள் என்றால் ஒன்று மங்கும். பிழையான கருத்துக்கு ஆசிரியரே சான்று கொடுத்ததாகிவிடும். சந்தேகம் இருந்தால் பல்புகளை இடம் மாற்றிக் காட்டலாம். இடம் மாறியும் அதே பல்ப் மங்கினால் காரணம் பல்பில்தான் இருக்கிறது, இருக்கும் இடத்தில் இல்லை.

பாடத்தின் தொடக்கத்துக்கு மூன்று கேள்வி: ஒன்று நேற்றையது, ஒன்று போன கிழமையது, ஒன்று போன தவணையது. கொப்பி மூடியிருக்கவேண்டும், ஐந்து நிமிடம், தாங்களே திருத்தலாம். 2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர் வெளியிட்ட சோதனையில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த சோதனையில் முந்தினார்கள். ஒரு கிழமை கழித்து வைத்த சோதனையில், பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதியவர்களே முந்தினார்கள். நம் வீடுகளில் பிள்ளை சத்தம்போட்டு வாசித்தால் படிக்கிறது என்றும், புத்தகத்தை மூடிவிட்டு யோசித்தால் சும்மா இருக்கிறது என்றும் எண்ணுகிறோம். பெற்றோர் கூட்டங்களில் அதிபர்கள் இதை எடுத்துச் சொன்னால் நன்று.

கொப்பி திருத்துவது பற்றி. 1988இல் ரூத் பட்லர் வெளியிட்ட ஆய்வில், ஒரு தொகுதி மாணவருக்குப் புள்ளி மட்டும், இன்னொரு தொகுதிக்குக் குறிப்புரை மட்டும், மூன்றாவது தொகுதிக்கு இரண்டும் கொடுக்கப்பட்டன. முன்னேறியவர்கள் குறிப்புரை மட்டும் பெற்றவர்கள். இரண்டையும் பெற்றவர்களுக்குக் குறிப்புரையால் பயன் கிட்டவில்லை. காரணத்தை நம் வகுப்புகளிலும் பார்க்கலாம்: புள்ளியைக் கண்டதும் பிள்ளை பக்கத்துப் பிள்ளையின் புள்ளியைத்தான் எட்டிப் பார்க்கும், கீழே எழுதியிருப்பதை வாசிக்காது. அதற்காக ‘நன்று’, ‘கவனம்’, ‘முயற்சி தேவை’ என்பவை குறிப்புரை ஆகிவிடா. எதைச் செய்யவேண்டும் என்று அவற்றில் இல்லை. ‘மூன்றாம் வரியில் பகுதியெண்ணை மாற்றினாய், தொகுதியெண்ணை மாற்றவில்லை, அந்த வரியிலிருந்து திரும்பச் செய்’ என்பதுதான் குறிப்புரை.

ஐந்து வகுப்புக் கொப்பிகளிலும் இப்படி எழுத எந்த ஆசிரியருக்கும் நேரம் கிடையாது; எழுதச் சொல்வதும் நியாயமில்லை. வழி ஒன்று உண்டு. ஒரு கட்டுக் கொப்பிகளைப் பார்த்தால் ஒரே மூன்று நான்கு பிழைகள்தாம் திரும்பத் திரும்ப வரும். அவற்றுக்கான குறிப்புரைகளை க, ச, ட, த என்று குறியிட்டுப் பலகையில் எழுதிவிட்டு, கொப்பியில் அந்த எழுத்தை மட்டும் இடலாம். பிள்ளை தனக்குரிய குறிப்புரையைப் பார்த்து எழுதி, அதன்படி திருத்திக் காட்டவேண்டும். அதற்குப் பாடவேளைக்குள்ளேயே பத்து நிமிடம் ஒதுக்கவேண்டும். வீட்டில் திருத்திவா என்றால் திருந்தி வராது.

கட்டுரை வகை விடைகளில் வேறொரு தொல்லை இருக்கிறது: ஒரே விடைக்கு இருவர் திருத்தினால் இரு புள்ளி, ஒருவரே காலையிலும் இரவிலும் திருத்தினாலும் இரு புள்ளி. விடைத்தாளை முழுமையாகத் திருத்திவிட்டு அடுத்ததை எடுக்காமல், எல்லோருடைய முதலாம் வினாவையும் திருத்தி முடித்துவிட்டு இரண்டாம் வினாவுக்குப் போகவேண்டும். முன் வினாவில் கிடைத்த நல்ல எண்ணமோ கெட்ட எண்ணமோ அடுத்த வினாவில் ஒட்டாது. பெயர் தெரியாதபடி முதற்பக்கத்தை மடித்துவிடலாம். ஐந்து தாள்களை இன்னொரு ஆசிரியர் திருத்திப் பார்த்து, வித்தியாசம் பெரிதாக இருந்தால் புள்ளித்திட்டத்தைத் தெளிவாக்கவேண்டும்.

இனித் தவணைப் பரீட்சை. அது வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதிலிருந்து நாம் எடுப்பது மொத்தப்புள்ளியையும் வகுப்பில் எத்தனையாம் பிள்ளை என்பதையும் மட்டுமே என்பதுதான் வருத்தம். கணிதத்தில் 52 புள்ளி எடுத்த இரண்டு பிள்ளைகளில் ஒன்று கேத்திரகணிதத்தில் முழுக்க விட்டிருக்கும், மற்றது எண்களிலும் அட்சரகணிதத்திலும் விட்டிருக்கும். தேர்ச்சி அறிக்கையில் இருவரும் ‘சி’. 34 எடுத்த பிள்ளை சித்தியில்லை, 35 எடுத்த பிள்ளைக்கு ‘எஸ்’. ஒரு சிறு வினாவை வேறுவிதமாகக் கேட்டிருந்தால் அந்த ஒரு புள்ளி மாறியிருக்கும். அந்த எல்லைக்கோட்டில் நிற்கும் பிள்ளையைப் பற்றி மொத்தப்புள்ளி சொல்வது மிகச் சொற்பம்.

வினாத்தாளைத் தயாரிக்கும்போதே ஓர் இருவழி அட்டவணை வரையவேண்டும். இடப்பக்கம் அலகுகள், மேலே அறிதல், விளங்குதல், பிரயோகித்தல், அதற்கு மேற்பட்ட சிந்தனை. அமெரிக்கக் கல்வி உளவியலாளர் புளூம் 1956இல் வகுத்த இந்தச் சிந்தனைப் படிநிலையை ஆசிரியர் கலாசாலையில் எல்லோரும் படித்திருக்கிறோம். வினாத்தாளுக்கு அதைப் பயன்படுத்துவோர் சிலரே. ஒவ்வோர் அலகுக்கும் செலவிட்ட பாடவேளைகளுக்கு ஏற்பப் புள்ளியைப் பங்கிட்டு, கட்டங்களை நிரப்பியபிறகே வினாக்களைத் தேடவேண்டும். முன்னைய வினாத்தாள்களிலிருந்து வெட்டி ஒட்டிவிட்டு அட்டவணையைப் பின்னர் நிரப்பினால் எல்லாம் அறிதல் கட்டத்திலேயே குவிந்திருக்கும்.

திருத்தி முடிந்ததும் ஒரு கட்டத்தாளில் மேலே வினா இலக்கங்களையும் இடப்பக்கம் பிள்ளைகளின் பெயர்களையும் எழுதி, சரிக்கு 1, பிழைக்கு 0 இடவேண்டும். ஒரு நிரல் முழுக்கப் பூச்சியம் என்றால் கற்பித்தலில் அல்லது வினாவில் குறை. ஒரு நிரை முழுக்கப் பூச்சியம் என்றால் அந்தப் பிள்ளைக்குத் தனிக் கவனம் வேண்டும். இன்னும் ஒரு படி போகலாம். 40 பிள்ளைகளின் தாள்களை மொத்தப்புள்ளி வரிசைப்படி அடுக்கி மேலே 11, கீழே 11 எடுங்கள். ஏறத்தாழ 27 வீதம், 1939இல் கெலி என்பவர் பரிந்துரைத்த அளவு. ஒரு வினாவை மேல் தொகுதியில் 10 பேரும் கீழ்த் தொகுதியில் 4 பேரும் சரியாகச் செய்திருந்தால், இரண்டையும் கூட்டி 22ஆல் வகுக்க 0.64, இது வினா எவ்வளவு இலகு என்பதைச் சொல்கிறது. 10இலிருந்து 4ஐக் கழித்து 11ஆல் வகுக்க 0.55, விளங்கியவரையும் விளங்காதவரையும் வினா எவ்வளவு நன்றாகப் பிரிக்கிறது என்பதைச் சொல்கிறது. மேல் தொகுதியில் 3 பேரும் கீழ்த் தொகுதியில் 6 பேரும் சரியென்றால் இரண்டாவது எண் மறையாக வரும். அப்போது முதலில் பார்க்கவேண்டியது விடைப்பட்டியலை. அது பிழையாக இருக்கலாம். அது சரியென்றால் வினாவின் வசனத்தைப் பார்க்கவேண்டும். கெட்டிக்காரப் பிள்ளைகள் அதில் இரண்டாவது பொருளொன்றைக் கண்டிருப்பார்கள். கீழ்த் தொகுதி ஊகத்தில் தப்பியிருக்கும்.

ஒரு வகுப்பின் 22 தாளில் வரும் எண்ணை மிகக் கறாராக எடுக்கமுடியாது. நான்கைந்து பேர் மாறினாலே அது மாறிவிடும். வலய மட்டத்தில் நடக்கும் பொதுப் பரீட்சைகளிலும், உயர்தர மாணவருக்காகத் தொண்டைமானாறு வெளிக்கள நிலையம் நடத்திவரும் பரீட்சைகளிலும் பல பாடசாலைப் பிள்ளைகள் ஒரே வினாத்தாளை எழுதுகிறார்கள். அங்கே இந்தப் பகுப்பாய்வு பெறுமதி மிக்கதாக இருக்கும்.

பாடசாலை மட்டக் கணிப்பீடு, அதாவது கற்பிக்கும் ஆசிரியரே வகுப்பில் பிள்ளைகளைக் கணிப்பிடும் ஏற்பாடு, கற்பிக்கும்போதே கணிப்பிடவேண்டும் என்பதற்காகவே வந்தது. 2007இல் தொடங்கிய தேர்ச்சி மையப் பாடத்திட்டத்தோடு ஈடுபடுதல், ஆராய்தல், விளக்குதல், விரிவாக்குதல், மதிப்பிடுதல் என்ற ஐந்து கட்டக் கற்பித்தலும் ஆசிரியர் வழிகாட்டிகளில் இடம்பெற்றது. நோக்கம் நல்லது. நடைமுறையில் அது கோப்பாகிவிட்டது. தவணை முடிவில் ஒரே மாலையில் எல்லாப் பிள்ளைக்கும் பத்துக்கு எட்டு, பத்துக்கு ஏழு என்று நிரப்பப்படுகிறது. ஒப்படைகள் வீட்டுக்குப் போகின்றன. ரெஜிபோமில் அண்ணா அக்கா செய்த மாதிரியுருவோ, கடையில் அச்சடித்த கட்டுரையோ திரும்பி வருகிறது. குழுச்செயற்பாட்டில் ஒரு பிள்ளை எழுத, மூன்று பிள்ளைகள் நிறந்தீட்டுகின்றன. நால்வருக்கும் ஒரே புள்ளி.

திருத்துவது கடினமில்லை. ஒப்படையை வகுப்புக்குள்ளேயே செய்யவைக்கவேண்டும். எதற்கு எத்தனை புள்ளி என்ற நியதிகளைச் செய்யமுன் பிள்ளைகளுக்குக் காட்டவேண்டும். குழு நால்வருக்கு மேல் வேண்டாம். யார் முன்வைப்பது என்பதை முடிவில் சீட்டெடுத்துத் தீர்மானித்தால் நால்வரும் விளங்கிக்கொள்ள முயல்வார்கள். பிறகு தனித்தனியே ஒரு துண்டுக் கேள்வி கொடுத்து அதற்குரிய புள்ளியைப் பிள்ளைக்குத் தனியாக வழங்கவேண்டும். ஐந்து கட்டங்களையும் ஒரே 40 நிமிடத்துக்குள் அடைக்க முயல்வதும் ஒரு பிழை. செயற்பாடே 30 நிமிடத்தைத் தின்றுவிட, விளக்கம் அவசரத்தில் போய்விடும். பிள்ளைகளின் கையில் படம் இருக்கும், தலையில் கருத்து இராது. இரண்டு அல்லது மூன்று பாடவேளைக்கு அவற்றைப் பரப்பினால் விளக்கத்துக்குரிய இடம் கிடைக்கும்.

ரியூசன் நிலையங்களைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. அங்கும் நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஆனால் நூறு, இருநூறு பிள்ளைகள் இருக்கும் மண்டபத்தில் யார் 3/7 எழுதினார், யார் 3/12 எழுதினார் என்று பார்க்கமுடியாது. குறிப்பும் மாதிரி வினாத்தாளும்தான் கொடுக்கமுடியும். முப்பது பிள்ளைகளை வருடம் முழுவதும் நாள்தோறும் காணும் பாடசாலை ஆசிரியருக்கே அது முடியும். தீவகத்திலும் வலிகாமத்தின் சிறு பாடசாலைகளிலும் ஒரு வகுப்பில் பன்னிரண்டு பிள்ளைகள் இருந்தால், ஒவ்வொரு பிள்ளையின் பிழையையும் ஒரே பாடவேளைக்குள் பார்த்துவிடலாம். பிள்ளைத்தொகை குறைந்தது என்று நாம் கவலைப்படும் அந்தப் பாடசாலைகளில்தான் இந்த முறைக்கு வாய்ப்பு அதிகம்.

வலயக் கல்வி அலுவலகங்களிடமும் அதிபர்களிடமும் நான் கேட்பவை இவை. மேற்பார்வைக்கு வருவோர் பாடக்குறிப்புப் புத்தகத்தில் கையொப்பம் இடுவதோடு நிற்காமல், கடைசியாக வாங்கிய துண்டுகளைக் காட்டச் சொல்லி, ‘இதைப் பார்த்தபின் மறுநாள் பாடத்தில் எதை மாற்றினீர்கள்?’ என்று ஆசிரியரைக் கேட்கவேண்டும். பதிவேடுகளில் ஒன்றிரண்டைக் குறைத்து அந்த நேரத்தை இதற்குக் கொடுக்கவேண்டும். புதிய பதிவேடு ஒன்று இதற்காகத் தொடங்கினால் இதுவும் கோப்பாகிவிடும். ஆசிரிய ஆலோசகர்கள் பொதுப் பரீட்சையின் வினாவாரியான பெறுபேறுகளைப் பாடசாலைகளுக்கு அனுப்பவேண்டும். தவணை விடைத்தாள்கள் விடுமுறை கழிந்து முதல் கிழமைக்குள் பிள்ளைகளின் கைக்குத் திரும்பவேண்டும்; பிழைத்தவற்றைத் தாங்களே திரும்பச் செய்து பார்ப்பதற்கு ஒவ்வொரு பாடத்துக்கும் இரண்டு பாடவேளைகளை நேரசூசியிலேயே குறித்துவிடவேண்டும்.

இவ்வண்ணம்,
ஓய்வுபெற்ற ஆசிரிய ஆலோசகர்,
வலிகாமம்.